தொடாமல் எழுதிய நாடி

அல் கூஸில் கல்லூரி வேனிலிருந்து இறங்கும்போதே பெயிண்ட் வாசனை முகத்தில் அடிக்கும். தெருவின் இரண்டு பக்கமும் வண்டிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறைகள். அவற்றைத் தாண்டி, கிடங்குகளுக்கு நடுவில், பழுப்புக் கண்ணாடி ஒட்டிய ஜன்னல்களோடு ஒரு மூன்று மாடிக் கட்டடம் நின்றது. மாதக்கணக்காகவும் வருடக்கணக்காகவும் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பராமரிக்கும் இடம் அது. பெரிய ஆஸ்பத்திரிகள் இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவைப்பவர்கள் அங்கே வந்து சேர்வார்கள்.

மே மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில் சுபிஷா முதன்முதலாக அந்தப் படிகளில் ஏறினாள். குளச்சல் பக்கத்துப் பெண். துபாய்க்கு வந்து நாலு வருடம் ஒரு கிளினிக்கில் தரை துடைத்தாள். துடைத்துக்கொண்டே நர்ஸுகள் கட்டுப் போடுவதையும் ஊசி குத்துவதையும் பார்த்துப் பார்த்து, தன்னாலும் முடியும் என்ற எண்ணம் அவளுக்குள் வளர்ந்தது. ருவைஸ் ஆலையில் வெல்டராக இருக்கும் அவள் கணவன் பெபின்தான் “நீ படி, மத்தத நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லி, பதினெட்டு மாத பிராக்டிகல் நர்ஸ் படிப்பில் அவளைச் சேர்த்துவிட்டான். இப்போது மிச்சம் இருந்தது ஆறு வார வார்டு பயிற்சி மட்டும். அதை முடித்தால் லைசென்ஸ் பரீட்சை எழுதலாம்.

இரண்டாவது மாடி வார்டில் பதினாறு படுக்கைகள். எல்லோரும் ஆண்கள். வெயிலுக்குப் பயந்து திரைகளை எப்போதும் இழுத்தே வைத்திருப்பார்கள், அதனால் நட்டநடுப் பகலிலும் உள்ளே அந்தி போல இருக்கும். காற்று மெத்தைகளின் பம்புகள் ஓயாமல் முனகும். குழாய் வழியாக ஊட்டும் பால் மாவின் இனிப்பு வாசனையும் கிருமிநாசினியின் நெடியும் கலந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே, கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தியவர்களின் மூச்சு. ஈரமாக உள்ளே இழுத்து, ஈரமாக வெளியே விடும் அந்தச் சத்தம்.

மாணவிகளுக்குப் பொறுப்பான மெஹர்பானு சிஸ்டர் காயல்பட்டினத்துக்காரர். முதல் நாள் அவர் அதிகம் பேசவில்லை.

“தொடாம எதையும் எழுதக் கூடாது. ரெண்டு விரல வச்சு ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும். பாதி எண்ணி ரெண்டால பெருக்குறது இங்க கெடையாது. இவங்களால உங்ககிட்ட ஒண்ணும் சொல்ல முடியாது. அந்தக் கைதான் சொல்லும்.”

சுபிஷாவுக்குக் கொடுக்கப்பட்டவர்களில் பதினோராம் படுக்கை பாலகுரு தமிழர். சிவகங்கைப் பக்கம். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. கழுத்தில் குழாய், அசையாத கைகால், திறந்த கண்கள். அவருக்கு நினைவு இருக்கிறதா இல்லையா என்பதில் டாக்டர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அவள் பக்கத்தில் போய் “அண்ணே, கையப் பிடிக்கேன்” என்று சொன்னால், அந்தக் கண்கள் மிக மெதுவாக அவள் பக்கம் திரும்பும். அதை அவள் மட்டும்தான் கவனித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் வார்டு போனை அவர் காதில் வைத்துப் பிடிப்பதும் அவள் வேலை. மறுமுனையில் அவர் மனைவி கருப்பாயி. மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது, மகள் பத்தாவது பாஸ் செய்தது என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே போவார். இந்தப் பக்கமிருந்து கருப்பாயிக்குக் கேட்பதெல்லாம் குழாயில் போய்வரும் மூச்சு மட்டும்தான். அதைக் கேட்டுவிட்டு “சரிங்க, வச்சுறட்டா” என்பார். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பது போலத்தான் கேட்பார்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை புழுதிப்புயல் அடித்தது. வேன் ஒன்றரை மணி நேரம் தாமதம். வார்டில் பாதிப் பேர் வரவில்லை. காலை ஷிப்டு ஆட்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். சுபிஷாவுக்கு ஐந்து பேருக்குப் பதில் எட்டுப் பேர். ஒரு மணிக்கு கீழ்த்தளத்தில் செய்முறைத் தேர்வு வேறு.

கூடப் படிக்கும் கனகா மேசையில் உட்கார்ந்து சார்ட்டுகளை மளமளவென்று நிரப்பிக்கொண்டிருந்தாள். மன்னார்குடிக்காரி. வகுப்பிலேயே கெட்டிக்காரி.

“எல்லாம் பாத்துட்டியா?” என்றாள் சுபிஷா.

“பாக்கறதுக்கு என்னாடி இருக்கு? காலையில என்ன இருந்துச்சோ அதுல ரெண்டு கூட்டு, ரெண்டு கொற. இவங்க என்னைக்குத்தான் மாறியிருக்காங்க?” கனகா காகிதத்திலிருந்து பேனாவை எடுக்கவே இல்லை. “நீ விரல வச்சு எண்ணிக்கிட்டே இரு. கீழ பரீட்சை முடிஞ்சிரும்.”

சுபிஷா ஏழு பேரைத் தொட்டுப் பார்த்தே எழுதினாள். எட்டாவதாகப் பதினோராம் படுக்கைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. பத்தாம் படுக்கைக்காரருக்கு யாரோ சளி உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டிருந்தார்கள், அதன் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. பாலகுரு ஜன்னல் பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தார். கழுத்து வரை போர்வை. அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். நின்ற இடத்திலிருந்தே எழுதினாள்.

நாடி 78. மூச்சு 18. சூடு 36.7. ரத்த அழுத்தம் 118, 76. நேரம் 12.00. கீழே தன் கையெழுத்து.

பரீட்சை நன்றாகவே நடந்தது. மேலே ஏறி வந்தபோது மணி இரண்டு. பதினோராம் படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே டாக்டரும் இரண்டு நர்ஸுகளும் நின்றார்கள். திருப்பிப் படுக்கவைக்க வந்த ஆள் கண்டுபிடித்ததாகச் சொன்னார்கள்.

டாக்டர் பாலகுருவின் தாடையை விரலால் அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

“மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கும்போல,” என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தவர், சார்ட்டைப் பார்த்ததும் நிறுத்தினார். பிறகு சுபிஷாவைப் பார்த்தார். “இது நீ எழுதியதா?”

“ஆமா.”

“தொட்டுப் பார்த்தாய் அல்லவா?”

திரைக்கு அப்பால் கனகா நிற்பது நிழலாகத் தெரிந்தது.

“பார்த்தேன் டாக்டர்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். மாதக்கணக்கில் படுத்து மெலிந்த உடம்பு சீக்கிரம் விறைத்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இறந்த நேரம் 1.50 என்று எழுதினார்.

மறுநாள் நண்பகல் தொழுகைக்கு பாங்கு சொல்லி முடிந்த நேரத்தில் சுபிஷா பத்தாம் படுக்கைக்காரரின் மணிக்கட்டில் விரல் வைத்தாள். இருபது வரை எண்ணினாள். அதன் பிறகு எண்ணிக்கை குழம்பியது. அவர் நாடிக்கு இடையில் இன்னொரு துடிப்பு வந்தது. முதல் துடிப்பு, பிறகு அது, மறுபடி முதல் துடிப்பு. ஒரே கையில் இரண்டு பேர் இருப்பது போல.

கையை எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் பின்னால் காற்று மெத்தை முனகியது. பதினோராம் படுக்கை காலி. வெள்ளை விரிப்பை இழுத்து மடித்திருந்தார்கள். பம்பின் ஒயர் பிடுங்கப்பட்டுத் தரையில் சுருண்டு கிடந்தது. ஆனாலும் மெத்தை மூச்சு விடுவது போல மெல்ல அமுங்கியது. தலை இருக்கும் இடத்தில் முதலில் பள்ளம் விழுந்தது. பிறகு தோள். பிறகு இடுப்பு. கடைசியில் இரண்டு குதிகால்கள்.

அவள் அசையவில்லை. கூப்பிடவும் இல்லை. வார்டில் மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணிக்கு மெத்தை தானாக நிமிர்ந்தது.

சனிக்கிழமை வார்டு இல்லை. சத்வாவில் இன்னொரு குடும்பத்தோடு பங்கிட்டுக்கொண்ட வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பம் வெளியே போயிருந்தது. பன்னிரண்டு அடித்ததும் முதுகுக்குப் பின்னால் அது கேட்டது.

ஈரமாக உள்ளே. ஈரமாக வெளியே.

சமையலறைக்குப் போனாள். சமையலறையில் கேட்டது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் கேட்டது. படியிறங்கித் தெருவுக்கு வந்து, நாற்பத்து நாலு டிகிரி வெயிலில் கடை கடையாக நடந்தாள். நின்றால் கேட்டது, நடந்தால் கொஞ்சம் குறைந்தது. அதனால் நடந்துகொண்டே இருந்தாள். அவளை அறியாமல் எண்ணவும் செய்தாள். நிமிடத்துக்குப் பதினெட்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒரு பூட்டிய தையல்கடை வாசலில் நின்று, மனதைத் தேற்றிக்கொள்ள, தன் மணிக்கட்டிலேயே இரண்டு விரல்களை வைத்தாள்.

எதுவும் இல்லை.

இடம் மாற்றி வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். கழுத்தில் வைத்தாள். அவள் உடம்பில் எங்கேயும் நாடி இல்லை. வியர்வை வழிகிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, எதிரே பஸ் போகிறது, நாடி மட்டும் இல்லை. இரண்டு மணி அடித்த பிறகுதான் அது விரலுக்கடியில் பதறிக்கொண்டு திரும்பி வந்தது.

பெபினிடம் போனில் சொல்ல நினைத்து, “வெயிலு கூடுதல், தலை சுத்துது” என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை பதினோராம் படுக்கைக்குப் புது ஆள் வந்திருந்தார். மீராசா என்று பெயர். கீழக்கரைக்காரர். முப்பது வருடம் தேராவில் ஓட்டல் சமையல். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. கட்டிலில் நடுவே படுக்காமல் இடது ஓரத்துக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

“நடுவுல படுங்க வாப்பா. விழுந்திருவீங்க,” என்றாள் சுபிஷா.

“எடமில்ல புள்ள.”

“இவ்வளவு எடம் கெடக்கே.”

மீராசா குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்தில் தூங்குபவரை எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

“ஏற்கனவே ஒருத்தரு படுத்திருக்காரும்மா. நான்தான ஒதுங்கிக்கிடணும்.”

அன்று பன்னிரண்டு மணிக்கு அவருடைய ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கியது. தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூறு. பிறகு எண்பத்தேழு. டாக்டர் ஓடி வந்தார், மாஸ்க் போட்டார்கள், படம் எடுத்தார்கள். நுரையீரலில் கோளாறு எதுவும் தெரியவில்லை. இரண்டு மணிக்குத் தானாக ஏறியது. செவ்வாய்க்கிழமையும் அதே நேரத்தில் எண்பத்து நாலு. புதன்கிழமை எழுபத்தொன்பது. உதடுகள் ஊதா நிறமாகிவிட்டன. அடுத்த நாள் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா, அதுவரை தாங்குவாரா என்று பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் வேனுக்காகக் காத்திருக்கும்போது சுபிஷா கனகாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

கனகா சுற்றுமுற்றும் பார்த்தாள். “இதோ பாரு. நீ தொட்டிருந்தாலும் அவரு செத்துதான் கெடந்திருப்பாரு. உன்னால ஒண்ணும் ஆகல.”

“எனக்குத் தெரியும். ஆனா நான் அவரு உயிரோட இருக்காருன்னு எழுதிட்டேன்.”

“அத இப்ப சொல்லி என்ன ஆகப்போவுது? உன் படிப்பு போவும். யாரு சொல்லிக்குடுத்தான்னு கேப்பாங்க, என் படிப்பும் போவும். எங்கப்பாவுக்கு நான் ஒரு ஆள்தான் சம்பாதிக்கப் போறேன், தெரியுமுல்ல?”

“உனக்க பேரச் சொல்ல மாட்டேன்.”

கனகா வேனில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு சுபிஷா மெஹர்பானு சிஸ்டரின் சின்ன அறையில் நின்றுகொண்டு சொன்னாள். படுக்கை அமுங்கியதையும் சொன்னாள், மீராசா சொன்னதையும் சொன்னாள். சிஸ்டர் அதையெல்லாம் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“எத்தனை பேருக்கு இப்படி எழுதுன?”

“அவரு ஒருத்தருக்குத்தான் சிஸ்டர்.”

“வேற யாரும் எழுதுனாங்களா?”

“எனக்குத் தெரியாது.”

சிஸ்டர் ஒரு காகிதத்தை அவள் முன் தள்ளினார். “இதுல நடந்ததை எழுது. இந்த செமஸ்டர் உனக்குப் போச்சு. மறுபடியும் முதல்லேருந்து வார்டு செய்யணும், அதுக்கும் அவங்க ஒத்துக்கிட்டாத்தான். அந்த அம்மாவுக்கும் சொல்லணும். நேரம் பாத்துத்தான் அவங்க ஆளுங்க திதி குடுப்பாங்க. அத நீயே சொல்றதுதான் முறை.”

பதினோரு மணிக்கு வார்டு போனிலிருந்து கருப்பாயியை அழைத்தாள். ஊரில் பன்னிரண்டரை ஆகியிருக்கும். அவள் அழாமல் சொல்லத்தான் நினைத்திருந்தாள். முடியவில்லை. தான் அன்று பன்னிரண்டு மணிக்கு அவரைத் தொடவே இல்லை என்றும், அதற்கு முன்பே அவர் போயிருக்க வேண்டும் என்றும், சர்டிபிகேட்டில் உள்ள நேரம் பொய் என்றும் சொல்லி முடித்தாள்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் ஆட்டுமணிச் சத்தம் மட்டும் கேட்டது.

“இல்ல தாயி,” என்றார் கருப்பாயி. குரலில் கோபம் இல்லை. “அன்னைக்கு ரெண்டரைக்கு எங்கிட்ட பேசுனாகளே.”

ஊரில் இரண்டரை என்றால் இங்கே ஒரு மணி.

“யாரு பேசுனா?”

“அவுகதேன். மொதல்ல மூச்சுச் சத்தம் கேட்டுச்சு, எப்பவும் போல. வெள்ளிக்கெழம இல்லையே, இன்னைக்கு எதுக்குப் போன் வருதுன்னு நெனச்சேன். அப்பறம் கருப்பாயின்னாக. கீழ விழுறதுக்கு முந்தி எப்புடிப் பேசுவாகளோ, அதே கொரலு.”

அன்று ஒரு மணிக்கு சுபிஷா கீழே பரீட்சையில் இருந்தாள். வார்டு போன் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது.

“பாடி வந்து எரிச்ச பொறகும் பேசுறாக தாயி. தெனமும் ரெண்டரைக்கு. யாருகிட்டயும் நான் சொல்லல. சொன்னா பைத்தியம்னு சொல்லி போனப் புடுங்கிருவாங்க.”

“என்ன பேசுறாரு?”

“புள்ள படிப்பக் கேக்குறாக. கெணத்துல தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு கேக்குறாக.” கருப்பாயியின் குரல் இறங்கியது. “முடிக்கும்போது ஒண்ணு சொல்லுவாக. அந்த நர்சுப் புள்ள வந்து கையப் புடிச்சுப் பாத்துட்டா நான் கெளம்பிருவேன், இன்னும் வரலன்னு.”

சுபிஷா திரும்பிப் பதினோராம் படுக்கையைப் பார்த்தாள்.

“நீ போகாத தாயி,” என்றார் கருப்பாயி. “ஒன்னையக் கும்புட்டுக் கேக்குறேன். பதினாலு மாசம் அவுக வாயத் தொறக்கல. இப்பத்தேன் பேசுறாக. நீ அந்தப் பக்கமே போகாத.”

பன்னிரண்டு மணிக்கு மீராசாவின் அளவு எண்பத்திரண்டைக் காட்டியது. பன்னிரண்டரைக்கு எழுபத்தெட்டு. டாக்டர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார், ஆனால் அது ஷேக் ஸாயித் சாலை நெரிசலில் நின்றது. ஒரு மணி நெருங்கும்போது எழுபத்திரண்டு. மாஸ்குக்குள் மீராசாவின் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நிலையிலும் அவர் ஓரத்துக் கம்பியை விட்டு நகரவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் படுக்கும் அளவு இடம் அப்படியே கிடந்தது.

சுபிஷா மெஹர்பானு சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் திரையை இழுத்துவிட்டு, அதற்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

அவள் கட்டிலின் மறுபக்கம் போய் முட்டி போட்டாள்.

“அண்ணே, கையப் பிடிக்கேன்.”

வெறும் விரிப்பின் மேல், ஒரு மணிக்கட்டு இருக்கக்கூடிய இடத்தில், இரண்டு விரல்களை வைத்தாள்.

முதலில் துணி. பிறகு குளிர்ச்சி. பிறகு விரல்களுக்கு அடியில் துணி இல்லை, தோல் இருந்தது. சொரசொரப்பான, கம்பி பிடித்துக் காய்த்த ஆளின் தோல்.

நாடி அடித்தது.

கையை இழுத்துக்கொள்ளும்படி உடம்பு முழுவதும் கெஞ்சியது. அவள் இழுக்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இருபதாவது விநாடி வரை சீராக வந்தது. அதன் பிறகு இடைவெளி விழுந்தது. முப்பத்தொன்று. வெகுநேரம் கழித்து முப்பத்திரண்டு. தோல் இன்னும் குளிர்ந்தது. முப்பத்து மூன்று.

அவள் காத்திருந்தாள்.

முப்பத்து நாலு வரவில்லை.

ஒரு நிமிடம் முழுதாக முடியும் வரை விரலை எடுக்காமல் இருந்தாள். பிறகு வாய்விட்டுச் சொன்னாள்.

“நின்னுபோச்சு அண்ணே. நான் அன்னைக்கே வந்து பாத்திருக்கணும்.”

மெத்தை நீளமாக ஒரு மூச்சு விட்டு நிமிர்ந்தது. விரலுக்கடியில் மறுபடியும் வெறும் துணி. யாரும் சொல்லாமலே மீராசா மெல்லப் புரண்டு படுக்கையின் நடுவுக்கு வந்தார்.

“எந்திரிச்சிட்டாரு,” என்றார்.

ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அவருடைய அளவு தொண்ணூற்றைந்து.

அன்று மாலையே சுபிஷாவைக் கல்லூரி பயிற்சியிலிருந்து நிறுத்தியது. அவள் கொடுத்த கடிதத்தைப் பராமரிப்பு இல்லத்துக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள், ஆனால் சர்டிபிகேட்டைத் திருத்தவில்லை. பெபின் ருவைஸிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் திட்டவில்லை. அடுத்த செமஸ்டரில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு மணிக்கு இப்போது எதுவும் கேட்கவில்லை, அவள் நாடியும் அவளிடமே இருந்தது. இருந்தாலும் அந்த நேரத்தில் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடப் பழகினாள்.

கருப்பாயியை மூன்று முறை அழைத்தாள். மூன்றாவது முறைதான் அவர் எடுத்தார்.

“வியாழக்கெழமையிலருந்து போன் வரல,” என்றார். “மேலருந்து விழுந்தப்ப ஒருக்கா செத்தாக, படுக்கையில ஒருக்கா செத்தாக. மூணாவது நீ. இனி என்னையக் கூப்புடாத.”

சுபிஷா அதன் பிறகு கூப்பிடவில்லை.

மறு வருடம் லைசென்ஸ் வாங்கினாள். கராமாவில் குழந்தைகளுக்கான ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. சிணுங்கும் பிள்ளைகளின் கையைப் பிடித்து, தாய்மார்கள் பொறுமை இழக்கும் வரை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுவாள். கனகா அவளுக்கு முன்பே பாஸ் செய்து, அல் கூஸ் இல்லத்திலேயே, அதே இரண்டாவது மாடியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எப்போதாவது மெசேஜ் வரும்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், சுபிஷாவின் போன் அடித்தது. கருப்பாயி.

“தாயி, நல்லாருக்கியா?” அந்தக் குரலில் பழைய வெறுப்பு இல்லை. பயம் இருந்தது. “இப்ப மறுபடியும் போன் வந்துச்சு.”

“அண்ணனா?”

“இல்ல. அவுக இல்ல. வேற ஆரோ. பாசை வெளங்கல, இந்தி மாதிரி இருக்கு. எம் பேரும் அந்தாளுக்குத் தெரியல. ஆனா மூச்சு மட்டும் அதே மூச்சு. அழுகுறாரு தாயி. அங்கன ஆரையும் பாக்காம விட்டுட்டீகளா?”

சுபிஷா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று அஞ்சு. அவரை வைக்கச் சொல்லிவிட்டுக் கனகாவுக்கு அடித்தாள். நாலாவது மணியில் எடுத்தாள்.

“என்னாடி, திடீர்னு?”

“நீ டியூட்டியிலயா இருக்க?”

“ஆமா. மேசையிலதான் இருக்கேன். ஏன்?”

“பன்னெண்டு மணி ரவுண்டுல யாரத் தொடாம எழுதுன?”

கனகா சிரிக்கப் பார்த்தாள். “இப்பல்லாம் நான் அப்படி இல்லடி. எல்லாரையும்…”

“கனகா.”

பம்புகள் முனகும் சத்தம் மட்டும் வந்தது. சுபிஷாவுக்கு அந்த வார்டின் வாசனைகூட வந்தது போலிருந்தது.

“நாலாம் நம்பரு,” என்றாள் கனகா கடைசியில். “பீகார்காரரு. நல்லாத் தூங்கிட்டு இருந்தாரு. எழுப்ப வேணாம்னு பாத்தேன். உனக்கு யாரு சொன்னா?”

“போய்த் தொட்டுப் பாரு. போன வைக்காத.”

மேசையில் போன் வைக்கப்படும் சத்தம். செருப்புகள் விலகிப் போயின. தூரத்தில் திரையின் வளையங்கள் கம்பியில் உரசின. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

“சிஸ்டர்.” கனகாவின் குரல் வார்டின் மறுகோடியிலிருந்து சன்னமாக வந்தது. “டாக்டரக் கூப்பிடுங்க. சில்லுன்னு இருக்காரு.”

யாரோ ஓடினார்கள். கதவு அடித்துக்கொண்டது. மேசைப் பக்கம் ஒருவரும் இல்லை என்பது சுபிஷாவுக்குத் தெரிந்தது.

அப்போது, காதுக்கு மிக அருகில், யாரோ போனை எடுத்தார்கள்.

ஈரமாக ஒரு மூச்சு உள்ளே போயிற்று. அது வெளியே வருவதற்குள், அவளுக்குப் புரியாத ஒரு மொழியில், ஒரு ஆண் குரல் மிக மெதுவாக அவளிடம் எதையோ கேட்டது.